உப்பை உருக்கிப் பார்க்க இத்தனை வருடப் படிப்பா?

அம்மா, மகள் எடுக்க நினைக்கும் ஆய்வைப் பற்றி 'உப்பை உருக்கிப் பார்க்க இத்தனை வருடப் படிப்பா, வேலை கிடைக்குமா' என்று கேட்டிருந்தீர்கள். படித்ததும் சிரிப்பு வந்தது, ஆனால் கேள்வி நியாயமானதுதான். 'உலோக ஹாலைடு அமைப்புகளின் நிலைமை வரைபடமும் மின்கடத்துத்திறனும்' என்று மகள் ஆய்வுத் தலைப்பைச் சொன்னால், இதற்கு யார் வேலை தருவார்கள் என்றுதான் எந்தப் பெற்றோருக்கும் தோன்றும். ஹாலைடு என்றால் குளோரின், ஃபுளோரின், அயோடின் போன்றவை உலோகத்தோடு சேர்ந்த உப்பு; நிலைமை வரைபடம் என்றால் எந்தக் கலவை எந்த வெப்பத்தில் திண்மமாகவும் எதில் திரவமாகவும் இருக்கும் என்று காட்டும் படம்.

ஒரே ஒரு கலவையைப் பாருங்கள். லித்தியம் குளோரைடு சுமார் 605 டிகிரி செல்சியஸில் உருகும், பொட்டாசியம் குளோரைடு 770-இல். இரண்டையும் ஏறத்தாழ 59-க்கு 41 என்ற மோல் விகிதத்தில் கலந்தால் 350 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். அந்த விகிதம் எங்கே இருக்கிறது என்று காட்டுவதுதான் நிலைமை வரைபடம். சூடாக்கினால் மட்டும் மின்சாரம் தரும் அனல் மின்கலங்களிலும் (ஒரு வகை பேட்டரி), பயன்படுத்திய அணு எரிபொருளைப் பிரிக்கும் ஆய்வுகளிலும் இதே கலவைதான் மின்பகுளி, அதாவது அயனிகள் வழியே மின்சாரத்தைக் கடத்தும் பொருள். அலுமினியத் தொழிலும் இப்படித்தான் பிழைக்கிறது. 2000 டிகிரிக்கு மேல் உருகும் அலுமினாவை (அலுமினிய ஆக்சைடு), உருகிய கிரையோலைட் என்ற ஃபுளோரைடில் கரைத்து 960 டிகிரி வாக்கில் மின்னாற்பகுக்கிறார்கள். 1886-இல் கண்டுபிடித்த வழி அது.

எனக்கு மிகவும் பிடித்தது சில்வர் அயோடைடு. 147 டிகிரியைத் தாண்டியதும் அதன் மின்கடத்துத்திறன் ஒரேயடியாகப் பல ஆயிரம் மடங்கு எகிறும். இத்தனைக்கும் அது இன்னும் திண்மம்தான். அயோடைடு அயனிகள் சட்டகமாக நிற்க, வெள்ளி அயனிகள் மட்டும் திரவம் போல ஓடுகின்றன. 555 டிகிரி சுமாரில் உருகும்போதோ, கடத்துத்திறன் கூடுவதற்குப் பதில் சற்றுக் குறைகிறது! 1914-இல் அளந்து சொன்னது இது. திரவம் இல்லாத பேட்டரிக்காக லித்தியம் இட்ரியம் குளோரைடு போன்ற ஹாலைடுகளை இன்று துழாவுவதும் இதே குணத்தைத் தேடித்தான்.

சூரிய மின்கலப் பக்கம் போனால், சீசியம் லெட் அயோடைடின் கறுப்பு வடிவம்தான் ஒளியை நன்றாக உறிஞ்சும். அறை வெப்பநிலையிலோ அது மெல்ல மஞ்சள் வடிவத்துக்கு மாறிவிடும். அதைத் தடுப்பது எப்படி என்பது முழுக்க நிலைமை மாற்றப் பிரச்சினை, அதாவது ஒரே பொருள் ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது பற்றியது.

சரி, வேலை? தலைப்பைப் பார்த்து யாரும் வேலை தருவதில்லை, கை பழகிய கருவிகளைப் பார்ப்பார்கள். வெப்பப் பகுப்பாய்வு, படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு, மின்கடத்துத்திறனைக் கண்டறியும் இம்பீடன்ஸ் அளவீடு, ஈரமில்லாத கிளவ் பாக்ஸில் (கையுறை வழியே கை விட்டு வேலை செய்யும் மூடிய பெட்டி) வேலை. இந்த நான்கும் தெரிந்தவருக்கு பேட்டரி, உலோகம், அணுசக்தித் துறைகளின் ஆய்வகங்களில் இடம் உண்டு. கணினியில் நிலைமை வரைபடம் கணக்கிடும் முறையும் சேர்ந்தால் இன்னும் நல்லது. ஆனால் வெறும் ஆய்வகச் சான்றிதழை நம்பி இறங்க வேண்டாம். அவள் சேரப்போகும் ஆய்வகத்தில் உலையும் பழைய மீட்டரும் மட்டும்தான் இருக்கின்றன என்றால், நான் வேறு வழிகாட்டியைத் தேடச் சொல்வேன்.

இன்னொன்று, இந்த உப்புகளில் பல காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும். மூடிய குவார்ட்ஸ் குழாயில் ஒரு விரிசல் விழுந்தால் உள்ளே இருக்கும் மாதிரி (சாம்பிள்) வீண், மறுபடி முதலிலிருந்துதான். அப்புறம், ஒரு வரைபடத்துக்கு டஜன் கணக்கில் மாதிரிகள் தேவைப்படும். சேருவதற்கு முன் அந்த ஆய்வகத்தில் இரண்டு வாரம் கூட இருந்து பார்க்க அனுமதி கேட்கச் சொல்லுங்கள். கெட்டுப்போன மாதிரியை எடுத்து வைத்துவிட்டு, எரிச்சல் இல்லாமல் அடுத்ததை எடை போட உட்காருகிறாளா என்பது அதற்குள் அவளுக்கே தெரிந்துவிடும்.