ஆயில் பிரின்டுக்கு எந்தக் காகிதம் வாங்குவது?

கேள்வி: எண்ணெய் மையில் படம் எடுக்கும் பழைய போட்டோ முறையான ஆயில் பிரின்ட் பழக ஆசை. வாட்டர்கலர் காகிதம், காலாவதியான போட்டோ பேப்பர், இங்க்ஜெட் பேப்பர் மூன்றும் கிடைக்கின்றன. விலை கூடியதை வாங்கினால் சரியாக வருமா?

பதில்: விலையை விடுங்கள், ஜெலட்டினைப் பாருங்கள். 1904-ல் ராலின்ஸ் என்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர் இந்த முறைக்கு மறுபடி உயிர் கொடுத்த நாளிலிருந்தே படம் உருவாவது காகிதத்தின் மேலுள்ள ஜெலட்டின் படலத்தில்தான். டைக்ரோமேட் என்ற ஒளியுணரும் உப்பை ஏற்றிய ஜெலட்டினில் ஒளி பட்ட இடம் இறுகி, எண்ணெய் மையைப் பிடித்துக்கொள்ளும். படாத இடம் தண்ணீர் குடித்து உப்பி, மையை ஒட்டவிடாது. படலம் உப்பவில்லையென்றால் படம் முழுக்க மை அப்பிவிடும்.

இங்க்ஜெட் பேப்பர் வேண்டாம். போட்டோ பேப்பரில் ஃபைபர் வகையை வாங்குங்கள். பிளாஸ்டிக் பூசிய ஆர்சி வகை உதவாது. டெவலப் செய்யாமல் நேரே ஹைப்போ என்ற ஃபிக்சர் கரைசலில் போட்டு நன்றாக அலசினால் வெள்ளி உப்பு கரைந்து ஜெலட்டின் மட்டும் மிஞ்சும். அதனால் காலாவதி பெரிய குறையல்ல. ஹைப்போவில் படிகாரம் கலந்திருக்கக் கூடாது, அது ஜெலட்டினை இறுக்கிவிடும்.

சில பேப்பர்களின் மேற்பூச்சே இறுகியிருக்கும். ஆகவே கட்டாக வாங்காமல், முதலில் ஒரே ஒரு தாள் வாங்குங்கள். அப்படி அலசிய துண்டை வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் ஊறவைத்து, ஈரத்தை ஒற்றியெடுத்துத் தடவுங்கள். நனைந்த சோப்பு போல வழுக்கி, நகம் பட்டால் தடம் விழுந்தால் வாங்கலாம்.

எனக்குப் பிடித்தது நாமே பூசுவதுதான். 300 ஜிஎஸ்எம் வழவழப்பான வாட்டர்கலர் காகிதம் போதும். 100 மி.லி. தண்ணீருக்கு 8 கிராம் ஜெலட்டின். குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, அப்புறம் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 45–50 டிகிரியில் கரையுங்கள். கொதித்தால் வலுவிழந்துவிடும். மட்டம் பார்த்து வைத்த கண்ணாடிமேல் தாளை வைத்துப் பூசி, காய்ந்தபின் இன்னொரு முறை பூசுங்கள். குமிழிகளை உடனே ஒதுக்கிவிடுங்கள், ஒவ்வொன்றும் பிறகு புள்ளியாகத் தெரியும்.

பின்பக்கம் பென்சிலால் குறியிட மறக்காதீர்கள். ஒருமுறை நான் மறந்து, காய்ந்தபின் எந்தப் பக்கம் பூசினேன் என்றே தெரியவில்லை. ஈர விரலை ஓரத்தில் அழுத்தினேன். ஒட்டிய பக்கம் ஜெலட்டின்.

டைக்ரோமேட் நஞ்சு, புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. இருப்பதிலேயே சிறிய புட்டியாக வாங்குங்கள், கூடவே கையுறையும்.