மேலெழும்பிய கணத்தில் விழுவது ஏன்? ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர் பதிலளிக்கிறார்

கேள்வி (ஜெலுத்தோங்): ஐயா, விமானம் ‘ஸ்டால்’ ஆனது என்றால் எஞ்சின் நின்றுவிட்டது என்றுதானே பொருள்?

பதில்: இல்லை. காரில் எஞ்சின் நிற்பதற்கும் அதே சொல்லைச் சொல்வதால் வரும் குழப்பம் இது. இங்கே நின்றுபோவது இறக்கையின் தூக்குவிசை. இறக்கையின் மேற்புறத்தை ஒட்டி ஓட வேண்டிய காற்று, இறக்கைக்கும் எதிர்க்காற்றுக்கும் இடையிலான கோணம் ஏறத்தாழ 15 பாகையைத் தாண்டியதும் பிரிந்து சுழலத் தொடங்கும். எஞ்சின்கள் முழு விசையில் முழங்கிக்கொண்டிருக்கும்போதே விமானம் கீழிறங்கும்.

கேள்வி (பாயான் லெப்பாஸ்): அக்கரையில், இந்தோனேசியாவின் மேடானில் 2005இல் நடந்த விமான விபத்தும் இதனால்தானா?

பதில்: ஆமாம். செப்டம்பர் 5 அன்று ஜகார்த்தா செல்லப் போலோனியா நிலையத்திலிருந்து கிளம்பிய மண்டாலா நிறுவனத்தின் போயிங் 737-200 விமானம், ஓடுபாதையைத் தாண்டியதும் குடியிருப்புப் பகுதியில் விழுந்தது. இறந்த 149 பேரில் 49 பேர் தரையில் இருந்தவர்கள். தத்தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த அவர்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. இறக்கையின் பின்விளிம்பில் நீளும் ஃபிளாப்புகளும் முன்விளிம்பில் நீளும் ஸ்லாட்டுகளும் விரிக்கப்படாமலே விமானம் கிளம்பியது என்றும், சரிபார்ப்புப் பட்டியல் முறையாகப் பின்பற்றப்படவில்லை என்றும் விசாரணை முடிவு செய்தது. அவை விரிந்தால்தான் குறைந்த வேகத்திலும் இறக்கை போதிய பாரத்தைத் தாங்கும். விரியாவிட்டால், ஏறாத விமானத்தை ஏற்றுவதற்காக மூக்கை மேலும் மேலும் உயர்த்துவதே ஸ்டாலில் கொண்டுபோய்விடும்.

கேள்வி (பிரிக்ஃபீல்ட்ஸ்): எச்சரிக்கை ஒலி இருக்குமே, ஐயா?

பதில்: இருக்கிறது. ஃபிளாப்பை விரிக்காமல் விசைப்பிடியை முன்னே தள்ளினால் விமானி அறையில் ஒலி எழும்ப வேண்டும். சோதனைக்காக நானே தள்ளிப் பார்த்திருக்கிறேன். காதைப் பிடுங்கும் சத்தம். ஆனால் 1987இல் டெட்ராய்ட்டில் 156 பேரையும், 2008இல் மட்ரிடில் 154 பேரையும் பலிகொண்ட விபத்துகளில் அந்த எச்சரிக்கை எழவே இல்லை. இரண்டுமே எம்டி-82 வகை விமானங்கள். டெட்ராய்ட்டில் எச்சரிக்கைக் கருவிக்கு மின்சாரம் வரவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் கருவியைச் சோதிக்குமாறு தயாரிப்பு நிறுவனம் பரிந்துரைத்தும், மட்ரிட் விமானத்தின் நடைமுறையில் அப்படி ஒவ்வொரு முறையும் சோதிக்கும் விதி இல்லை. அந்தச் சோதனைக்குச் சில நொடிகள் போதும் என்பதால், இதை மன்னிக்க என்னால் இயலவில்லை. கருவி மௌனமாக இருந்தால் எல்லாம் சரி என்று விமானி எடுத்துக்கொள்வார். பழுதான கருவியும் மௌனமாகத்தானே இருக்கும்?

கேள்வி (பட்டர்வொர்த்): விழும்போது விமானத்தை மீட்க முடியாதா?

பதில்: மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் கூட்டினால் மீளலாம். அதற்கு உயரம் வேண்டும். கிளம்பிய சில நொடிகளில் அது கிடையாது.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): பயணியாக நான் எதைக் கவனிக்கலாம்?

பதில்: இறக்கைக்குப் பின்னால் உள்ள சன்னலோர இருக்கையில் அமருங்கள். பெரும்பாலான ஜெட் விமானங்களில், ஓடுபாதைக்குப் போகுமுன் ஒரு முனகல் ஒலியுடன் இறக்கையின் பின்விளிம்பு பின்னோக்கி நீண்டு சற்றே கீழே வளைவதைக் காணலாம். ஓடுபாதை முனைக்கு வந்தும் இறக்கை வழுவழுவென்று ஒரே பலகையாகத் தெரிந்தால், கூச்சப்படாமல் பணியாளரை அழைத்துச் சொல்லுங்கள்.