ஆத்ம விசாரம் ('நான் யார்?' என்று உள்ளே ஆராய்வது) செய்யும்போது கவனத்தை எங்கே வைப்பது: புருவ மத்தியிலா, நெஞ்சின் வலப்பக்கமா?

இப்படிக் கேட்கிறீர்கள் என்றால் இரண்டு இடத்திலும் வைத்துப் பார்த்திருப்பீர்கள். புருவ மத்தியில் வைத்தால் நெற்றி கனக்கிறது, நெஞ்சில் வைத்தால் இதயத்துடிப்புதான் கேட்கிறது. சரிதானே?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் குருவும் இல்லை, யாரிடமும் தீட்சை வாங்கியவனும் இல்லை. வேலூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். லீவு கிடைத்தால் பஸ் ஏறித் திருவண்ணாமலை போய், ரமணாசிரமத்துப் பழைய ஹாலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன். அவ்வளவுதான் என் தகுதி. 'கணக்குப்பிள்ளைக்கு எதற்கு வேதாந்தம்' என்று கிளம்புகிறவர்களுக்கு ஒன்று: விரூபாட்ச குகையில் இருந்த ரமணரிடம் 1902 வாக்கில் போய் இந்தக் கேள்விகளையெல்லாம் கேட்ட சிவப்பிரகாசம் பிள்ளையும் ரெவின்யூ ஆபீஸ் ஊழியர்தான். ரமணர் அப்போது பேசாமல் இருந்ததால் பதில்களை எழுதிக் காட்டினார். அதுதான் பின்னால் 'நான் யார்?' என்ற சின்னப் புத்தகம் ஆனது.

அதில் ஹிருதயம் என்ற பேச்சு வருகிறது, மறுக்கவில்லை. 'நான்' என்ற நினைவு முதலில் எழும் இடம் அதுதான் என்கிறார். மார்பின் நடுவிலிருந்து வலப்பக்கம் இரண்டு விரல் தள்ளி என்று அவருடைய 'உள்ளது நாற்பது அனுபந்தம்' என்ற பாடல் தொகுப்பிலும் இருக்கிறது. ஆனால் அது அடையாளம் சொன்னது. அங்கே மனத்தைக் குத்தி நிறுத்து என்று சொன்ன பயிற்சி இல்லை என்பது என் புரிதல். பயிற்சியாக அவர் முக்கியமாகச் சொன்னது இதுதான்: எந்த எண்ணம் வந்தாலும் அதன் பின்னால் போகாதே, அது யாருக்கு வந்தது என்று பார்.

இதை நான் புரிந்துகொண்டது ஹாலில் இல்லை, ஆபீஸில். ஒரு ஹார்டுவேர் கடைக்காரரின் ஜிஎஸ்டி கணக்கு. அவர் வாங்கிய சில பில்கள் 2பி-யில், அதாவது சப்ளையர்கள் போட்ட ரிட்டர்னை வைத்து ஜிஎஸ்டி போர்ட்டல் காட்டும் பில் பட்டியலில், ஏறவே இல்லை. சப்ளையர் தன் ரிட்டர்னைப் போடாவிட்டால் இங்கே எப்படி ஏறும்? எங்கள் முதலாளிக்கு இது தெரியாதா? ஆனாலும் கடைக்காரர் எதிரில் உட்கார்ந்திருக்கிறாரே! "ஏம்ப்பா, எத்தனை வருஷமா வேலை பாக்குற, இதுகூடத் தெரியாதா?" என்று என் மேல் பாய்ந்தார்.

காது மடல் சூடாகிவிட்டது. பதில் தொண்டை வரை வந்து நின்றது. அப்போதுதான் உள்ளே அந்தக் கேள்வி எழுந்தது: கோபம் யாருக்கு? எனக்கு. அந்த 'எனக்கு' யார்? காது சூடாக இருப்பது எனக்குத் தெரிகிறது, தொண்டை அடைப்பதும் தெரிகிறது. தெரிந்துகொண்டிருப்பவன் எவன்? விடை என்று ஒன்றும் வரவில்லை. ஆனால் முதலாளியின் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்த கவனம் கோபப்படுகிறவன் பக்கம் திரும்பிவிட்டது. ஓரிரு நொடிதான், அப்புறம் கோபம் பழையபடி பொங்கியது. ஆனால் அந்த ஓரிரு நொடி கவனம் எங்கே இருந்தது என்று கேட்டால், புருவத்திலும் இல்லை, மார்பிலும் இல்லை. 'நான்' என்று தோன்றுகிறதே, அதன் மேல் இருந்தது.

சொல்ல வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த சப்ளையர் தாமதமாக ரிட்டர்ன் போட்டார், அடுத்த மாத 2பி-யில் பில்கள் தானாக ஏறின. முதலாளி வாயே திறக்கவில்லை. செப்டம்பர் வந்தால் ராத்திரி பத்து மணி வரை உட்கார வைப்பார்கள், தீபாவளிக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸோடு கணக்கு முடிந்துவிடும். ஊர்க் கணக்கையெல்லாம் ஆடிட் செய்கிற ஆபீஸில் எங்கள் சம்பளத்தை யார் ஆடிட் செய்வது? சரி, விடுங்கள்.

கண்ணை மூடி உட்கார்ந்து செய்யும்போதும் இதே வழிதான். நெற்றி கனத்தால் அந்தக் கனம் யாருக்குத் தெரிகிறது என்று திரும்புங்கள். 'நான் யார், நான் யார்' என்று ஜபம் மாதிரி உருட்ட வேண்டாம். பிணம் சுடும் தடி பிணத்தோடு தானும் எரிந்துபோவது போல, மற்ற எண்ணங்களை அழித்துவிட்டு அந்தக் கேள்வியும் போய்விட வேண்டும் என்கிறார் ரமணர். 'நானே பிரம்மம்' என்று பதில் சொல்லிக்கொண்டாலும் அது இன்னொரு எண்ணம்தான். இதற்குச் சண்டைக்கு வருபவர்கள் உண்டு, வரட்டும்.

அடுத்து, மூச்சைக் கவனிக்கலாமா என்று கேட்பீர்கள். மனம் ரொம்ப அலைந்தால் கொஞ்ச நேரம் கவனியுங்கள். மூச்சை அடக்குவது மனத்தை அடக்க உதவுமே தவிர ஒழிக்காது என்று அந்தப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதனால் மனம் கொஞ்சம் அடங்கியதும் மூச்சை விட்டுவிட்டு, இவ்வளவு நேரம் கவனித்தது யார் என்று பாருங்கள். வலப்பக்கம் தானாக ஏதாவது உணர்வு வந்தால் வரட்டும். வராவிட்டால் விரல் வைத்து அளந்துகொண்டிருக்காதீர்கள்.