செந்தூலில் ஓடும் பிக்கப்புக்குப் புல்பார் தேவையா?

வாசகர் கேள்வி: நான் செந்தூலில் வசிக்கிறேன். 2017ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறேன். வார நாட்களில் ஷா ஆலாமுக்கு வேலைக்குப் போய் வருகிறேன். மாதம் ஒரு முறை, பீடோருக்கு அருகே என் மைத்துனர் வைத்திருக்கும் செம்பனைத் தோட்டத்துக்குக் குடும்பத்தோடு போவோம். "ஃபோர் வீல் வாங்கிவிட்டு முன்னால் புல்பார் இல்லாமல் ஓட்டுவதா?" என்று அவர் ஒவ்வொரு முறையும் கேட்கிறார். புல்பார் என்றால் வண்டியின் மூக்குக்கு முன்னால் மாட்டும் இரும்புக் குழாய்க் காப்புதான். செகாம்புட்டில் ஒரு கடையில் அந்த இரும்புக் கம்பி, பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து 2,800 ரிங்கிட் சொல்கிறார்கள். பம்பருக்கு உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தைக் கழற்றிவிட்டுத்தான் மாட்ட முடியுமாம். போடலாமா?

பதில்: போட வேண்டாம். அதிலும் அந்த உள்சட்டத்தைக் கழற்ற எந்தக் கடைக்காரரையும் அனுமதிக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் அந்த ஒரு வரியைப் படித்தபோது எனக்குத் திக்கென்றது. அதைப் பற்றிப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் மைத்துனர் காரணமில்லாமல் பேசவில்லை. இந்தக் கம்பிக்கு ஒரு பிறப்பிடம் உண்டு. ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் அந்தி சாய்ந்ததும் கங்காருகள் சாலைக்கு வந்துவிடும். நன்கு வளர்ந்த செங்கங்காரு ஆண் 80 கிலோவைக்கூடத் தாண்டலாம். மோதினால் ரேடியேட்டர் உடையும். அடுத்த ஊர் 200, 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். தண்ணீரும் நிழலும் இல்லாத இடத்தில் வண்டி நின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே அங்கே ரேடியேட்டரைக் காப்பது உயிரைக் காப்பதாகிறது. அப்படியிருந்தும் அந்த நாட்டார் கம்பி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 2002இல் தனித் தரநிலை வகுத்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் இன்னும் கடுமையான விதியைக் கொண்டுவந்தது: பாதசாரி மீது மோதினால் என்ன ஆகும் என்ற சோதனையில் தேறாத முன்காப்புக் கம்பியை அங்கே விற்கக்கூடாது.

செந்தூலிலிருந்து ஷா ஆலாம் போகும் வழியில் உங்கள் வண்டிக்கு முன்னால் என்ன இருக்கிறது? காப்சாய் எனப்படும் சிறிய மோட்டார் சைக்கிள்கள் இருக்கின்றன. இடமும் வலமும் புகுந்து, விளக்குச் சந்திப்பில் உங்கள் முன்பக்கத்துக்கும் முந்திய காருக்கும் இடையே வந்து நிற்கின்றன. மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள்தாம். நம் வட்டாரத்துக்கென வாகனங்களை மோதிச் சோதிக்கும் ஆசியான் என்கேப், 2021 முதல் மோட்டார் சைக்கிளோட்டிகளின் பாதுகாப்பைத் தன் மதிப்பீட்டில் தனிப் பிரிவாகவே சேர்த்துக்கொண்டது. அது தரும் நட்சத்திரங்கள் தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டிக்கு உரியவை. முன்னால் குழாயை வளைத்து மாட்டிய வண்டிக்கு அவை பொருந்தாது.

நான் 20 ஆண்டுகளுக்கு மேல் பட்டறை நடத்தியவன். தொடக்க காலத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் நானே இந்தக் கம்பிகளைப் பொருத்தியிருக்கிறேன். ஒரு நாள், நான் பொருத்திக் கொடுத்த கம்பியோடு ஒரு வாடிக்கையாளர் வந்தார். பத்துமலை அருகே ஒரு சந்திப்பில் மோட்டாரில் போன பையனை இடித்துவிட்டார். வேகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. விளக்கு மாறியதும் வண்டியை நகர்த்தியிருக்கிறார், அவ்வளவுதான். பையனுக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. கம்பியில் ஒரு கீறல்கூட இல்லை. ஏதாவது தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துத் தரச் சொன்னார். ஒவ்வொரு போல்ட்டாகத் திருகிப் பார்த்தேன். எல்லாம் உறுதியாக இருந்தன. அந்த உறுதி முழுவதையும் பையனின் கால்தான் தாங்கியிருக்கிறது என்று அப்போது புரிந்தது. நகரத்தில் ஓடும் வண்டிக்கு இரும்புப் புல்பார் மாட்டுவதை அந்த வாரத்தோடு நிறுத்திவிட்டேன்.

பிளாஸ்டிக் பம்பர் இடித்திருந்தால் அது உள்ளே அமுங்கியிருக்கும். விசை அகலமான பரப்பில் பரவியிருக்கும். மூன்று அங்குலக் குழாய் அமுங்குவதில்லை. வண்டியின் எடை முழுவதையும் ஒரு கோட்டில் குவிக்கிறது. பெரியவருக்கு அந்தக் கோடு தொடையிலும் இடுப்பிலும் விழும். சிறுபிள்ளைக்கு நெஞ்சிலும் தலையிலும் விழும்.

"சரி, வெளியே இருப்பவருக்கு ஆபத்து. உள்ளே இருக்கும் என் குடும்பத்துக்காவது பாதுகாப்புதானே?" என்று நீங்கள் நினைக்கலாம். பெரும்பாலும் இல்லை. மோதலில் வண்டியின் மூக்கு எவ்வளவு தூரம் நசுங்கிக் கொடுக்கிறதோ, அந்தத் தூரம்தான் உள்ளே இருப்பவர்களைக் காக்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் வண்டி 50 சென்டிமீட்டர் நசுங்கி நின்றால், உள்ளிருப்பவர் உடலில் சராசரியாகப் புவியீர்ப்பைப் போல் 20 மடங்கு விசை இறங்கும். அதே வண்டி 25 சென்டிமீட்டரிலேயே நின்றுவிட்டால் 40 மடங்கு. நசுங்காத வண்டி உள்ளே இருப்பவர்களை நசுக்கும். இரும்புக் கம்பியை, வண்டியின் அடிச்சட்டமான சேஸின் முனைகளில் நேராக இறுக்கினால், அடி நசுங்க வேண்டிய இடத்தைத் தாண்டி சேஸுக்குப் போய்விடும். சாலையோரச் சிறுபாலத்தில் இடித்த பிக்கப் ஒன்றைப் பார்த்தேன்: கம்பி ஒழுங்காக இருந்தது, சேஸ் முனை இரண்டும் வளைந்திருந்தன. பம்பர் மாற்றினால் முடிய வேண்டிய செலவு, சேஸ் நிமிர்த்தும் இயந்திரம் வரைக்கும் போனது.

காற்றுப்பை இன்னொரு விஷயம். மோதல் தொடங்கி 15 முதல் 30 மில்லி விநாடிக்குள் அது விரிய வேண்டுமா வேண்டாமா என்று உணர்கருவி முடிவெடுக்கிறது. முன்பகுதி எந்த விதத்தில் நசுங்கும் என்ற கணக்கை வைத்தே அதைத் தயாரிப்பாளர் அமைத்திருக்கிறார். முன்பகுதியை மாற்றினால் அந்தக் கணக்கு மாறும். அதற்கெனச் சோதித்து, குறிப்பிட்ட மாடலுக்காகவே செய்யப்படும் கம்பிகள் உண்டு. அவற்றின் தாங்கிகள் அடிபட்டால் மடங்கிக் கொடுக்கும். உங்களுக்கு 2,800 ரிங்கிட்டில் சொல்லப்பட்டது அந்த வகையா என்பது எனக்குச் சந்தேகம்தான். ஏன் என்கிறீர்களா? பம்பரின் உள்சட்டத்தைக் கழற்ற வேண்டும் என்றார்கள் அல்லவா? அந்தச் சட்டம்தான் ஒரு பக்கத்து அடியை மறுபக்கத்துக்கும் பகிர்ந்து, இரண்டு சேஸ் முனைகளையும் சேர்ந்து வேலை செய்ய வைக்கிறது. அதைக் கழற்றுகிறவர், தான் எடுத்த இடத்தில் தன் கம்பி அதே வேலையைச் செய்யும் என்று சோதனைச் சான்று காட்ட வேண்டும். கேட்டுப் பாருங்கள்.

எடையைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. 60 கிலோ கம்பி என்று வைத்துக்கொள்வோம். அது முன் அச்சுக்கு மேலே உட்காரவில்லை. அதற்குச் சுமார் 90 சென்டிமீட்டர் முன்னால் தொங்குகிறது. ஹைலக்ஸின் இரண்டு அச்சுகளுக்கும் இடைவெளி 3,085 மில்லிமீட்டர். நெம்புகோல் கணக்குப் போட்டால், முன் அச்சில் கூடுவது ஏறக்குறைய 77 கிலோ. பின் அச்சில் 17 கிலோ குறைந்துவிடும். காலியான பிக்கப்புக்குப் பின்பக்கம் ஏற்கெனவே லேசு. மாலை நான்கு மணி மழையில், பெடரல் நெடுஞ்சாலையின் வழுக்கும் வளைவில், அந்தப் பின் சக்கரங்களை இன்னும் லேசாக்கவா 2,800 ரிங்கிட் கொடுக்க வேண்டும்? முன் ஸ்பிரிங் தாழும், விளக்கின் வெளிச்சம் கீழே இறங்கும், டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

உங்கள் வண்டியில் ராடார் இல்லாமல் இருக்கலாம். புதிய பிக்கப் வைத்திருப்பவர்கள் இதையும் கவனிக்க வேண்டும்: தானே பிரேக் போடும் வசதிக்கான ராடார் கிரில்லிலோ பம்பரிலோ இருந்தால், அதன் முன்னால் இரும்பு வந்ததும் அது குழம்பும்.

பீடோர் வழியில் விலங்கு குறுக்கே வந்தால் என்ன செய்வது? இந்தப் பயம் நியாயமானது, ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம். காட்டுப்பன்றி, மாடு, சில சாலைகளில் தாப்பிர். வளர்ந்த தாப்பிர் 250 முதல் 320 கிலோ வரை இருக்கும்; முன்பாதி கறுப்பு என்பதால் இருட்டில் கடைசி நொடி வரை தெரியாது. கிரிக்–ஜெலி நெடுஞ்சாலையில் யானையே வரும். 2025 மே மாதம் அங்கே லாரி மோதிய குட்டியை விட்டு நகராமல் தாய் யானை நின்ற காட்சியை நாம் எல்லோரும் பார்த்தோம். இந்த எடைகளுக்கு முன்னால் குழாய்க் கம்பி பின்னுக்கு வளைந்து ரேடியேட்டரைத்தான் குத்தும்.

உண்மையான காப்பு வேகத்தில் இருக்கிறது. தாழ்த்திய விளக்கில் ஏறக்குறைய 50 மீட்டர் தெளிவாகத் தெரியும் என்று கொள்ளுங்கள். கண்டு, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி. காய்ந்த சாலையில் மணிக்கு 90இல் வந்தால் நிற்க 80 மீட்டருக்கு மேல் வேண்டும். 60இல் வந்தால் 45 மீட்டரில் நின்றுவிடலாம். இருட்டிய கம்பத்துச் சாலையில் 60இல் போகிறவருக்கு, கண்ணில் பட்ட விலங்குக்கு முன்னால் நிற்க இடம் இருக்கிறது. 90இல் போகிறவருக்கு எந்தக் கம்பியும் அந்த இடத்தை வாங்கித் தராது.

சட்டத்தைப் பொறுத்தவரை ஒரு விஷயம் போதும். இங்கே ஒரு மாடலுக்குத் தரப்படும் வகை அங்கீகாரம், தொழிற்சாலையிலிருந்து வந்த வடிவத்துக்கு உரியது. சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் கண்ணில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு ஒரு வாகன மாற்றம். "ஜேபிஜே ஒன்றும் சொல்லாது" என்று கடைக்காரர் வாயால் சொல்வதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். தோட்ட வேலைக்காக யாராவது போட்டே ஆக வேண்டும் என்றால், முதலில் அந்தத் துறையில் கேட்டு ஒப்புதலை எழுத்தில் வாங்கட்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்கட்டும். சொல்லாமல் செய்த மாற்றம், இழப்பீடு கேட்கும் நாளில்தான் வெளியே வரும்.

சரி, கையில் இருக்கும் 2,800 ரிங்கிட்டை என்ன செய்யலாம்? முதலில் டயரைப் பாருங்கள். பழைய வண்டி வாங்கியிருக்கிறீர்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பூப் போட்ட ஆழம் எவ்வளவு இருந்தாலும், ரப்பர் பழசாகி இறுகியிருந்தால் மாற்றுங்கள். மழையில் உங்கள் குடும்பத்தைப் பிடித்து நிறுத்துவது அந்த நான்கு உள்ளங்கை அளவு ரப்பர்தான். அடுத்து முன்விளக்குகள்: மஞ்சள் படிந்திருந்தால் மெருகேற்றி, உயரத்தைச் சரிசெய்யுங்கள். பிறகு பிரேக் திரவம், தேய்ந்த பட்டைகள்.

தோட்டத்துக்கென்று ஏதாவது செய்ய விரும்பினால், எஞ்சினுக்கு அடியில் காப்புத் தகடு போடுங்கள். செம்பனை வரிசைக்குள் வண்டியைக் கெடுப்பவை புல்லில் மறைந்திருக்கும் அடிக்கட்டைகளும் கற்களும்தான். அவை கீழிருந்து அடிப்பவை. மேலே இருக்கும் குழாய் அவற்றைத் தடுக்காது. கூடவே, எடை தாங்கும் அளவு குறிக்கப்பட்ட இழுவைக் கொக்கி ஒன்றைச் சேஸில் பொருத்துங்கள். பல பிக்கப்புகளின் முன்னால் இருக்கும் மெல்லிய வளையம் கப்பலில் வண்டியைக் கட்டிவைப்பதற்கானது. சேற்றில் சிக்கியதும் அதில் கயிற்றைக் கட்டி இழுத்தால் அது பிய்த்துக்கொண்டு பறக்கும். அப்படிப் பறந்த கொக்கி பின்கண்ணாடியை உடைத்து உள்ளே விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த இருக்கையில் யாரும் இல்லாதது கடவுள் புண்ணியம்.

புல்பார் உண்மையாகவே வேண்டியவர்களும் இருக்கிறார்கள். காட்டுத் தடங்களில் வேலை செய்கிறவர்கள், 1997இல் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போன்ற போட்டிகளுக்குப் போகிறவர்கள், சிக்கிய வண்டியை இழுத்து மீட்கும் வின்ச் இல்லாமல் வீடு திரும்ப முடியாதவர்கள். வின்ச்சை மாட்ட உறுதியான இடம் வேண்டும். விழுந்த மூங்கிலையும் கொடியையும் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: உங்கள் மாடலுக்கென்றே செய்து, காற்றுப்பைக்கு ஒத்துவரும் என்று சோதிக்கப்பட்டதை வாங்குங்கள், விலை இரண்டு மடங்கானாலும்.

உங்கள் மைத்துனர் தோட்டத்திலேயே இருப்பவர். அவர் வண்டியில் அந்தக் கம்பி இருந்தால் எனக்குப் பெரிய மனக்குறை இல்லை. அடுத்த முறை போகும்போது அவரோடு வாதம் செய்ய வேண்டாம்; அவர் வண்டிக்கு அடியில் குனிந்து, பம்பரின் உள்சட்டம் இன்னும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால், மழைக்காலம் தொடங்குவதற்குள் அவரை நல்ல பட்டறை ஒன்றுக்கு அழைத்துப் போங்கள். பிள்ளைகள் அவர் வண்டியிலும் ஏறுகிறார்கள் அல்லவா?