தடதடப்பும் ஊளையும்: ஸ்னோமொபைல் எஞ்சினைப் பிரிக்கும் முன்

கேள்வி: வட ஒன்ராறியோவில் சட்பரி அருகே இருக்கிறேன். பனியில் ஓட்ட, பழைய டூ-ஸ்ட்ரோக் ஸ்னோமொபைல் ஒன்று வாங்கினேன். நின்ற இடத்திலிருந்து த்ராட்டிலை அழுத்தினால் அடியில் ‘தடக் தடக்’ என்று இடிக்கிறது. 30 கி.மீ. வேகம் தாண்டினால் ஊளை போல ஒரு சத்தம், வேகம் ஏற ஏற அதுவும் ஏறுகிறது. விற்றவர் கைகாட்டிய மெக்கானிக், பிஸ்டன் மாற்ற 2,500 டாலர் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு டாலர்கூட இப்போது கொடுக்காதீர்கள். எஞ்சினைக் குறை சொல்லும் அந்த மெக்கானிக்கிடம், “இரண்டு சிலிண்டரின் கம்ப்ரஷன் (உள்ளே காற்று அழுந்தும் அழுத்தம்) அளவு என்ன?” என்று மட்டும் கேளுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, த்ராட்டிலை முழுக்க அழுத்திப் பிடித்து அளக்கப் பத்து நிமிடம் போதும். இரண்டும் கையேடு சொல்லும் அளவில் இருந்து, வித்தியாசமும் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் பிஸ்டன் பேச்சை அங்கேயே நிறுத்தலாம். அளக்காமலே விலை சொன்னவர் உங்கள் வண்டியைப் பார்க்கவில்லை, உங்கள் பையைத்தான் பார்த்திருக்கிறார்.

நீங்களே செய்யக்கூடிய சோதனை இது. நின்றபடியே, ட்ராக் (வண்டியை நகர்த்தும் அடி ரப்பர் பட்டை) நகரத் தொடங்கும் அளவுக்குச் சற்றுக் கீழே வரை எஞ்சினை உறுமவிடுங்கள். சத்தம் வரவில்லையென்றால் எஞ்சின்மேல் சந்தேகம் குறைகிறது. அடுத்து, ஆளில்லாத சமதளத்தில் 50 கி.மீ. வேகத்தில் போய் எஞ்சினை அணைத்து உருளவிடுங்கள். முதல் சில நொடிகள், ட்ராக்கோடு எஞ்சினை இணைக்கும் பெல்ட் எஞ்சினையும் சேர்த்துச் சுழற்றும்; அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். எஞ்சின் அடங்கிய பின்னும் ஊளை தொடர்ந்தால் கோளாறு ட்ராக் பக்கம்தான்.

‘தடக் தடக்’ என்பது பெரும்பாலும் ட்ராக் தளர்ந்து, அதைச் சுழற்றும் டிரைவர் சக்கரத்தின் பல் தாண்டும் சத்தம். திடீர் ஆக்ஸிலரேஷனிலும் திடீர் பிரேக்கிலும்தான் வரும். வண்டியின் பின்புறத்தைத் தூக்கி நிறுத்தி, ட்ராக்கின் கீழ்ப்பகுதியில் எடை கட்டித் தொய்வை அளக்க வேண்டும். பொலாரிஸ் கம்பெனியின் பல வண்டிகளுக்குப் பின்சக்கர மையத்திலிருந்து 40 செ.மீ. முன்னே 4.5 கிலோ, மற்றவற்றுக்கு எடையும் இடமும் வேறு, உங்கள் மாடலின் கையேட்டைப் பாருங்கள். பின் அச்சின் போல்ட்டைத் தளர்த்தி, இருபக்க அட்ஜஸ்டர்களையும் சம அளவில் திருகுங்கள். பிறகு மெதுவாகச் சுழலவிட்டு, ட்ராக்கின் வழிகாட்டிப் பற்களுக்கும் தண்டவாளத்துக்கும் (ட்ராக் சறுக்கிப் போகும் நீளச் சட்டம்) இடையே இருபக்கமும் ஒரே இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் யாரும் நிற்கவே கூடாது. ட்ராக்கிலிருந்து தெறிக்கும் ஆணி ஆளைக் கொல்லும்.

பலர் விழும் பள்ளம் இதற்குப் பிறகுதான் வருகிறது. சத்தம் நிற்கும் வரை ட்ராக்கை முறுக்கிவிட்டு “சரியாயிடுச்சு” என்று காசு வாங்கிப் போய்விடுவார்கள். சத்தம் போகும், கூடவே தண்டவாளத்தின் அடியில் உள்ள பிளாஸ்டிக் பட்டையான ஸ்லைடரும் பேரிங்கும் போகும். அதே கதைதான் ட்ராக்கைச் சுழற்றும் செயின் இருக்கும் பெட்டியான செயின்கேஸிலும். பொலாரிஸில் டென்ஷன் போல்ட்டை விரலால் மட்டும் இறுக்கி, கால் சுற்று பின்வாங்கிப் பூட்ட வேண்டும். ஸ்பானர் போட்டு இறுக்கினால் செயின் ஊளையிடும். செயின்கேஸ் ஆயில் மாற்றும்போது அதிலுள்ள காந்தத்தில் சாம்பல் நிறக் கூழ் இருந்தால் பயமில்லை. கண்ணுக்குத் தெரியும் இரும்புச் சில்லு இருந்தால் கேஸைத் திறந்தே ஆகவேண்டும்.

இனி ஊளை. பெரும்பாலும் ட்ராக்குக்குள் உருளும் சிறு சக்கரங்களின் பேரிங். பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, கையுறை கழற்றி ஒவ்வொரு சக்கரத்தின் நடுவையும் தொடுங்கள். பனியில் எல்லாம் ஜில்லென்றிருக்கும்போது ஒன்று மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் அதுதான் குற்றவாளி. கையால் சுழற்றிக் கரகரப்பையும் பாருங்கள். பேரிங்கின் சீலில் 6004, 6205 என்பது போல எண் இருக்கும். அந்த எண்ணோடு பேரிங் கடைக்குப் போனால் முழுச் சக்கரத்தின் விலையில் சிறு பங்குக்கு இருபக்க ரப்பர் சீல் வைத்தது கிடைக்கும். பொருத்தும்போது வெளி வளையத்தை மட்டும் அழுத்துங்கள், உள் வளையத்தைத் தட்டினால் புதுப் பேரிங்கும் பாழ்.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதை விட்டால் நல்ல பேரிங்கை மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். உறைந்த ஏரியின் வெறும் ஐஸிலோ, பனி தேய்ந்து கெட்டித்துப் போன தடத்திலோ ஓட்டும்போது மட்டும் சத்தம் வருகிறதா? அப்படியானால் பிளாஸ்டிக் ஸ்லைடர் பனித்தூள் இல்லாமல் காய்ந்து சூடேறிக் கத்துகிறது. ஸ்லைடருக்கு மசகு பனித்தூள்தான். மிருதுவான பனிக்குள் வண்டியைத் திருப்புங்கள்; சில நூறு மீட்டரில் சத்தம் அடங்கினால் எதையும் மாற்ற வேண்டாம், ஐஸைக் கீறிப் பனித்தூளைத் தெறிக்கவிடும் ஐஸ் ஸ்க்ராட்சர் கம்பி மாட்டினால் போதும். அதே பனித்தூள்தான் லிக்விட் கூல்டு எஞ்சினையும் குளிர்விக்கிறது. ஐஸில் நீண்ட நேரம் ஓட்டினால் டெம்பரேச்சர் விளக்கையும் கவனியுங்கள். மிருதுவான பனியிலும் ஊளை தொடர்ந்தால் பேரிங்குக்குத் திரும்புங்கள். அதன் பிறகு பார்க்க வேண்டியது, இரண்டாவது கிளட்ச்சின் பின்னால் உள்ள ஜாக்‌ஷாஃப்ட்டின் (கிளட்ச்சிலிருந்து செயினுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) பேரிங்.

கார் விற்க ஒன்ராறியோவில் பாதுகாப்புச் சான்றிதழ் பேச்சு வருகிறது. ஸ்னோமொபைலுக்கு அந்தச் சடங்குகூட இல்லை. பெயர் மாற்றிக் கொடுப்பதோடு அரசின் வேலை முடிகிறது, வண்டியின் கோளாறு உங்கள் தலையில். சீசன் நடுவில் டீலரிடம் போனால் வரிசை வேறு. எடை கட்டி அளக்க உங்களுக்கு ஒரு மணி நேரம் போதும். பல் தாண்டுவது நிற்கும் வரை முழு த்ராட்டில் கொடுக்காதீர்கள், தாண்டும் ஒவ்வொரு முறையும் ட்ராக்கின் உட்பற்கள் அரைபடுகின்றன.