இறக்குமதித் தாய்

கேள்வி: ‘பிதாவே’ என்று அழைக்கத்தான் இயேசு சொல்லிக்கொடுத்தார். இப்போது சிலர் கடவுளைத் தாய் என்றும் அழைக்கலாம் என்கிறார்கள். இது மேல்நாட்டுப் பெண்ணியவாதிகளின் இறக்குமதிச் சரக்குதானே?
– பெயர் வெளியிட வேண்டாம், திருக்காட்டுப்பள்ளி.

பதில்: பெயரை வெளியிடவில்லை. ஊரை மறைக்கும்படி நீங்கள் கேட்கவில்லை. ஆகவே திருக்காட்டுப்பள்ளியில் இந்த மாதம் முழுவதும் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கட்டும்.

இறக்குமதி! காவிரிக் கரையில் உட்கார்ந்துகொண்டு சொல்லக்கூடிய வசவா இது? இன்று மத்தியானம் உங்கள் வீட்டுக் குழம்பில் கிடந்த மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையன்று வரிசையாக உட்கார்ந்து வாசிக்கிறார்களே, அந்த வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்தது. அது இல்லாமல் இன்று கச்சேரி உண்டா? அதையெல்லாம் விடுங்கள். 1713இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய தமிழ் அச்செழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டவை. தமிழ் எழுத்தே கப்பலேறி வந்து இறங்கிய கடற்கரை நம்முடையது. வந்த எழுத்து பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றது. எனவே இங்கேயே சிறிய எழுத்தாக வார்த்துக்கொண்டார்கள். வெளியிலிருந்து வருவதை நம் அளவுக்குக் குறுக்கிக்கொள்வதில் நமக்கு நல்ல பழக்கம் உண்டு.

பதிலுக்கு நாம் ஏற்றுமதி செய்தது ‘கும்பகோணம் டிகிரி காபி’ என்ற பலகையை. காபியை அல்ல, பலகையை மட்டும். நெடுஞ்சாலையில் எங்கே பஸ் நின்றாலும் அந்தப் பலகையும் பளபளக்கும் டபராவும் நிற்கின்றன. இதை எழுதி இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே திட்டு வாங்கியிருக்கிறேன், திருந்துவதாக இல்லை. பாலில் தண்ணீரும் டபராவில் பளபளப்பும் இருந்தால் அது காபிக்கடை அல்ல, பாத்திரக்கடை. கும்பகோணத்தார் வழக்குப் போட்டால் நான் சாட்சி சொல்ல வருகிறேன்.

சரி, தாய்க்கு வருவோம். கி.பி. 675இல் ஸ்பெயினின் தொலேதோ நகரில் ஆயர்கள் சங்கம் கூடியது. கூடியவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். மகன் ‘பிதாவின் கருப்பையிலிருந்து’ பிறந்தார் என்று விசுவாச அறிக்கையில் எழுதி வைத்தார்கள். எந்தப் பெண்ணியவாதி அவர்களைக் கெடுத்தார் என்று தெரிந்தால் எழுதுங்கள். பதினோராம் நூற்றாண்டின் புனித ஆன்செல்ம் தம் ஜெபத்தில் இயேசுவைத் தாய் என்றே விளிக்கிறார். 1373இல் காட்சி கண்ட இங்கிலாந்துத் துறவிப் பெண் நார்விச் ஜூலியானா, கடவுள் நமக்குத் தந்தையாக இருப்பது எவ்வளவு உண்மையோ அவ்வளவு உண்மை அவர் தாயாக இருப்பதும் என்றார். 33 நாள் மட்டுமே போப்பாக இருந்த முதலாம் ஜான் பால், அந்தச் சொற்ப நாட்களுக்குள், 1978 செப்டம்பர் 10 அன்று, கடவுள் நம் தந்தை, அதற்கும் மேலாகத் தாய் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இவர்களும் மேல்நாட்டார்தானே என்பீர்கள். பைபிள் தீர்க்கதரிசி ஏசாயா மட்டும் மாயவரத்துக்காரரா? பெத்லகேமும் நமக்கு மேற்கேதான் இருக்கிறது. மேற்கிலிருந்து வந்தது வேண்டாம் என்றால் உங்களுக்குப் பிதாவும் மிஞ்சமாட்டார்.

நம் பக்கத்துச் சரக்கே வேண்டும் என்றால் பஸ் ஏறித் திருச்சிக்குப் போங்கள். மலைக்கோட்டையில் இருப்பவரின் பெயரே தாயுமானவர். காவிரியில் வெள்ளம், அக்கரையிலிருந்து பேறுகாலத்துக்கு வரவேண்டிய அம்மாவால் ஆற்றைக் கடக்க முடியவில்லை, சிவன் அந்த அம்மாவின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது தலபுராணம். சீர்காழிக் குளக்கரையில் அழுத குழந்தைக்கு உமையம்மை பால் கொடுத்தாள் என்பார்கள். அதே கடலோரத்தில் கொஞ்சம் தெற்கே, வேளாங்கண்ணியில், பால் கொண்டுபோன சிறுவனிடம் மாதா தன் குழந்தைக்குப் பால் கேட்டாள் என்பார்கள். பால் கொடுத்த தாய் ஒருத்தி, பால் கேட்ட தாய் ஒருத்தி. எனக்குக் கேட்டவளைத்தான் அதிகம் பிடிக்கும்.

மாதா கடவுள் அல்ல, ஆராதனை கடவுளுக்கு மட்டுமே என்று பங்குச்சாமியார் திருத்துவார். வேதசாஸ்திரப்படி அவர் சொல்வது சரி. நான்காம் நூற்றாண்டிலேயே சைப்ரஸ் தீவின் ஆயர் எபிபானியுஸ், மாதாவுக்கு அப்பம் படைத்த பெண்களைத் திட்டி எழுதிவிட்டார். அவரை ஆகஸ்ட் 29 அன்று வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு அழைத்துவந்து, காவி உடுத்து நடந்து வரும் கூட்டத்துக்கு நடுவே நிறுத்திப் பார்க்க ஆசை. அவ்வளவு தூரம் ஏன், உங்களுக்குப் பக்கத்திலிருக்கும் பூண்டி மாதா கோயில் வாசலே போதும். மனு எல்லாம் அம்மாவுக்கு. பிதாவுக்கு ஸ்தோத்திரம் மட்டும். தரங்கம்பாடி வழிவந்த புரொட்டஸ்டன்ட் லுத்தரன்மார் மாதாவை வாசலிலேயே நிறுத்தினார்கள். அந்த வழியில் வந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி பாடி, கிறிஸ்துவின் மேல் காதல்கொண்ட நாயகி என்று ஒருத்தியைக் கொல்லைவழியாக உள்ளே அழைத்துவந்தார். ஆனால் அவள் ஏங்குகிற பெண். ஆளுகிற பெண் அல்ல. பக்தியில் நாம் எல்லோரும் பெண்கள் என்று ஆண்கள் சொல்லும்போதெல்லாம் வீட்டில் காபி போடுவது யார் என்று பார்ப்பது என் வழக்கம்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றையும் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கேள்வியோடு ‘தாய்மை’ என்ற தலைப்பில் ஒரு கவிதையும் உறைக்குள் இருந்தது. கடவுளைத் தாய் என்று சொல்லக்கூடாது என்று கேள்வியில் வாதாடுபவர், கவிதையில் தாயைக் கடவுள் என்கிறார்; அதுவும் பத்தி பத்தியாக! தாய்மைக் கவிதைகளோடு எனக்குள்ள பகை ஊரறிந்தது. அவற்றில் வரும் தாய் சமைப்பாள், மன்னிப்பாள், கண்ணீரைத் துடைத்துக்கொள்வாள், கடைசி வரியில் செத்துப்போவாள். எதிர்த்துப் பேசமாட்டாள். கடவுளைத் தாய் என்று அழைக்க ஆசைப்படும் பலருக்கும் வேண்டியது இந்த அம்மாதான். பிதா கோபித்தால் பின்னால் ஒளிந்துகொள்ள ஒரு சேலைத் தலைப்பு.

பைபிள் அப்படிச் சாதுவான தாயைக் காட்டி நிறுத்தவில்லை. ‘ஒருவனை அவன் தாய் தேற்றுவதுபோல் நான் உங்களைத் தேற்றுவேன்’ என்று சொல்லும் அதே ஏசாயா புத்தகத்தில், கடவுள் பிரசவ வேதனைப்படும் பெண்ணைப்போலச் சத்தமிட்டு மூச்சு வாங்குகிறார். நாற்பத்திரண்டாம் அதிகாரம், திறந்து பாருங்கள். இன்னொரு தீர்க்கதரிசி ஓசியா இன்னும் ஒருபடி மேலே போகிறார்: குட்டிகளைப் பறிகொடுத்த கரடியைப்போல உங்கள் மேல் பாய்ந்து நெஞ்சைக் கிழிப்பேன் என்கிறார் கர்த்தர். இதை எந்த அன்னையர் தின வாழ்த்து அட்டையிலும் போடமாட்டார்கள். நம் ஊர்ப் பெண்களுக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இராது. பக்தர்களுக்காகத் தானே பச்சைப் பட்டினி கிடக்கும் சமயபுரத்தாளுக்குக் கோபமும் வரும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஆகவே என் தகராறு உங்களோடு மட்டுமல்ல, நீங்கள் திட்டுகிறவர்களோடும்தான். கடவுள் ஆணும் அல்ல, பெண்ணும் அல்ல என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடே சொல்கிறது. எப்படி அழைத்தாலும் அவருக்கு நஷ்டமில்லை. ஆனால் பிதாவுக்குக் கருப்பை கொடுக்க 675இலேயே துணிந்தவர்கள், கருப்பை உள்ளவளைப் பூசை வைக்க விடலாமா என்பதற்கு 1994இல்கூட முடியாது என்றே எழுதினார்கள். புரொட்டஸ்டன்ட் சபையான தென்னிந்தியத் திருச்சபை 2013இல் ஆந்திராவின் நந்தியாலில் ஒரு பெண்ணைப் பேராயராக்கியது; வானம் இடிந்து விழுந்ததாகச் செய்தி இல்லை. நம் டெல்டாவில் மாதாவின் தேரை வடம்பிடித்து இழுக்கும் ஆண்கள், கோயில் கணக்கு நோட்டை ஒரு பெண்ணிடம் கொடுக்கச் சொன்னால் உடனே ஒரு கூட்டம் போடுவார்கள். அந்தக் கூட்டத்துக்கும் காபி பெண்கள்தான் போடவேண்டும்.

உங்கள் கவிதையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கரடியைச் சேர்த்து எழுதினால் பரிசீலிக்கிறேன்.