திராட்சைக் கொடியில் இலைச்சுருள் வைரஸ் எப்படிப் பரவுகிறது? கவாத்துக் கத்தரி மூலம் தொற்றுமா?

தொற்றாது. வேறு நோய்களுக்காகக் கத்தரியைச் சுத்தமாக வைத்திருப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் இலைச்சுருள் வைரஸ் அந்த வழியில் போவதில்லை. விதை வழியாகவும் போவதில்லை. நாம் நடுகிற குச்சி வழியாக வரும். வந்த பிறகு மாவுப்பூச்சியும் அதன் உறவான செதில்பூச்சியும் அதைப் பக்கத்துக் கொடிக்குக் கொண்டுபோகும்.

கலிஃபோர்னியாவின் நாபா பக்கம், திராட்சைக்கு வைரஸ் சோதனை செய்யும் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். ஒயின் திராட்சைத் தோட்டங்களில் கண்டதை வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் பார்ப்பது இந்த நோய்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். கபர்னே சாவிஞோன் போன்ற கருந்திராட்சை வகைகளில் கோடை முடியும் நேரத்தில் கொடியின் அடி இலைகள் சிவக்கத் தொடங்கும். நரம்புகள் மட்டும் பச்சையாகவே நிற்கும். இலையின் ஓரம் கீழ்நோக்கிச் சுருளும். நரம்பும் சேர்ந்து சிவந்து, இலை சுருளாமல் இருந்தால் அது ‘ரெட் பிளாட்ச்’ என்ற வேறொரு வைரஸாக இருக்கலாம். அதை இதே நாபாவில் 2008-இல்தான் முதலில் கவனித்தார்கள். சாம்பல்சத்துக் குறைவும், தண்டில் பட்ட காயமும்கூட இலையைச் சிவக்க வைக்கும். அதனால் கண்ணை மட்டும் நம்பி ஒரு கொடியையும் பிடுங்காதீர்கள். வெள்ளைத் திராட்சை வகைகளில் சிக்கல் இன்னும் அதிகம். சிலவற்றில் லேசான மஞ்சள் தெரியும், சிலவற்றில் ஒன்றுமே தெரியாது.

இந்த வைரஸ், இலையில் தயாராகும் சர்க்கரையைக் கொண்டுசெல்லும் குழாய்த் திசுவுக்குள் குடியிருக்கிறது. குழாய் கெட்டுப்போவதால் சர்க்கரை இலையிலேயே தங்கி மாவுச்சத்தாகச் சேர்கிறது. இலை தடித்து, முறுமுறுவென்று ஆகிச் சுருள்கிறது. பழத்துக்குப் போகவேண்டிய சர்க்கரை போவதில்லை. பழுப்பது வாரக்கணக்கில் தள்ளிப்போகும், நிறம் ஏறாது, புளிப்பு இறங்காது. கொடி சாகாது என்பதுதான் இதில் கொடுமை. செத்தால் உடனே பிடுங்கிவிடுவார்கள். சாகாமல் வருடக்கணக்கில் நின்று பக்கத்துக் கொடிகளுக்கு நோயைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

குச்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பூச்சிக்கு மருந்தடிக்கக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட நடவுக் குச்சி வாங்கும்போது பலர் காட்டுவதில்லை. ஜெர்மனியில் கியோர்க் ஷாய் என்ற திராட்சை ஆய்வாளர் 1930-களிலேயே இது ஒட்டு வழியாகத் தொற்றும் நோய் என்று காட்டிவிட்டார். ஷாய்ரேபே என்ற திராட்சை ரகம் இருக்கிறதே, அது இவர் பெயரால் வழங்குவதுதான். கலிஃபோர்னியாவில் எம்பரர் என்ற சிவப்பு மேசைத் திராட்சையின் குலைகள் சில கொடிகளில் வெளிறிப்போய் வந்தன. அதை ‘வெள்ளை எம்பரர்’ நோய் என்றார்கள். அதுவும் இதே இலைச்சுருள்தான் என்பது பின்னால் தெரிந்தது.

இவ்வளவு தெரிந்த பிறகும் நோய் பெருகியது. காரணம், அமெரிக்க வேர்ச்செடிகள் (ஒட்டுக்கட்டும்போது வேர்ப்பகுதியாக அடியில் வைக்கும் செடிகள்) பெரும்பாலும் வைரஸை உள்ளே வைத்துக்கொண்டு எந்த அறிகுறியும் காட்டாது. 1980-களில் ஃபிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி நாபாவைத் தாக்கியது. ஏ.எக்ஸ்.ஆர்.1 என்ற வேர்ச்செடியில் நின்ற தோட்டங்களையெல்லாம் பிடுங்கி மறுநடவு செய்ய வேண்டியதாயிற்று. அந்த வேகத்தில் பலர் பழைய தோட்டங்களிலிருந்தே மொட்டுக்குச்சி எடுத்து ஒட்டுக்கட்டினார்கள். பழைய வேர்ச்செடி தாங்கிக்கொண்ட வைரஸைப் புதியவை பல தாங்கவில்லை. மறைந்திருந்த நோய் வெளியே தெரிந்தது.

மாவுப்பூச்சியின் பங்கு உறுதியானது 1980-களுக்குப் பிறகுதான். தென்னாப்பிரிக்க ஆய்வுகளுக்கு அதில் பெரிய பங்குண்டு. அப்போதுதான் பொரித்து நடமாடும் குஞ்சுகள் மிகவும் ஆபத்தானவை. நோயுற்ற கொடியில் ஒரு மணி நேரம் சாறு உறிஞ்சினாலே வைரஸ் ஏறிவிடும். சில நாட்களில் அந்தத் திறன் போய்விடும், ஆனால் அதற்குள் காரியம் முடிந்துவிடும். குஞ்சு தானாக வெகுதூரம் நடக்காது. காற்றும், அறுவடைக் கூடையும், இயந்திரமும், வேலைசெய்பவர்களின் சட்டையும் அதைச் சுமந்து போகும். எறும்புகள் அதன் இனிப்புக் கழிவுக்காகச் சுற்றி நின்று, அதைத் தின்னவரும் நன்மை செய்யும் பூச்சிகளை விரட்டும். எறும்பை விட்டுவிட்டு மாவுப்பூச்சியை மட்டும் ஒழிக்க முயல்வது வீண் செலவு என்பது என் உறுதியான கருத்து.

கலிஃபோர்னியாவுக்கு ‘வைன் மீலிபக்’ என்ற மாவுப்பூச்சி இனம் வந்தது 1990-களில். அது வருடத்துக்குப் பல தலைமுறை பெருகும். பட்டைக்கு அடியிலும் வேரிலும் ஒளிந்துகொள்வதால் மேலே அடிக்கும் மருந்து அதைத் தொடுவதில்லை.

சரி, நோய்க் கொடியைப் பிடுங்கினால் போதுமா? மேலே வெட்டினால் போதாது. மண்ணுக்குள் விடுபட்ட வேர்த்துண்டு வருடக்கணக்கில் உயிரோடிருக்கும். அதில் வைரஸும் இருக்கும், மாவுப்பூச்சியும் உயிர்வாழும். அதே குழியில் நடும் புதுக் கன்றுக்கு அங்கிருந்தே தொற்றும். தொற்றிய கொடி அறிகுறி காட்ட ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம் என்பதால், அதே வரிசையில் இருபுறமும் நிற்கும் கொடிகளைச் சோதிப்பது அவசியம். கேப் டவுனுக்கு அருகே வெர்ஹெலெகன் தோட்டத்தில் 2002-இல் தொடங்கி இதையெல்லாம் விடாமல் செய்தார்கள்: நோய்த் தோட்டங்களை அகற்றி நிலத்தைத் தரிசாகப் போட்டது, சான்று பெற்ற கன்று நட்டது, எறும்பையும் மாவுப்பூச்சியையும் சேர்த்துக் கட்டுப்படுத்தியது, இலையுதிர் காலம்தோறும் வரிசை வரிசையாக நடந்து பார்த்துத் தொற்றிய கொடியைப் பிடுங்கியது. 2012-இல் அங்கே நோய் 0.03 சதவீதத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. மருந்தில்லாத ஒரு நோயில் இதைவிட நம்பிக்கை தரும் செய்தியை நான் பார்த்ததில்லை.

இந்தியாவிலும் மகாராஷ்டிரத்தில் இலைச்சுருள் வைரஸ்கள் பதிவாகியிருக்கின்றன. ஆகவே குச்சி கொடுப்பவரிடம் தாய்க்கொடியைச் சோதித்தார்களா என்று கேளுங்கள். நீங்களே மாதிரி அனுப்புவதானால் அறுவடைக்குப் பிறகு, இலை உதிர்வதற்கு முன், அடி இலைகளின் காம்பை எடுங்கள். வைரஸ் கொடி முழுக்கச் சீராகப் பரவியிருக்காது. அதனால் ஒரே கிளையிலிருந்து எடுக்காமல், கொடியின் பல பக்கங்களிலிருந்தும் எடுத்து அனுப்புங்கள்.